நெடுந்தீவில் மக்கள் குடியேறிய வரலாறு: எந்தச் சான்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: இளவேனில் (ரொறன்ரோ)

அனைவருக்கும் வணக்கம். என் தாய்வழியினர் யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் உள்ள நெடுந்தீவின் மத்திப் பகுதியைச் சேர்ந்தவர்கள். ஊரைக் கண்ணால் காணாமலே வளர்ந்துவரும் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக, அத்தீவில் மக்கள் எப்போது, எங்கிருந்து, எதற்காக வந்து குடியேறினார்கள் என்பதைச் சில பக்கங்களில் எழுத முயன்றுவருகிறேன். தகவல் திரட்டத் தொடங்கிய பிறகுதான், ஆளுக்கொரு வரலாறு சொல்லப்படுவதை அறிந்தேன்.

வெடியரசன் என்னும், கடலோடிச் சமூகமான முக்குவரின் அரசனுடைய தலைநகராகத் தீவு விளங்கியது என்றும், மேற்கே இன்றும் காணப்படும் வெடியரசன் கோட்டை அவனுடையதே என்றும் முதியவர்கள் கூறுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த தனிநாயக முதலி என்பவரே குடிகளை அமர்த்தினார் என்று வேறு சிலர் யாழ்ப்பாண வைபவமாலை என்னும் பழைய வரலாற்று நூலைச் சான்று காட்டுகிறார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மாடு, குதிரை வளர்ப்பதற்கென்று ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும்வரை அங்கே நிலையான குடிகளே இருக்கவில்லை என்பது மூன்றாவது கருத்து. மூன்றையும் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஒன்றை மட்டும் தெரிவு செய்வதற்கோ எனக்குத் தகுதி போதாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மலையோ ஆறோ இல்லாத, கோடையில் காய்ந்து கிடக்கும் ஒரு தட்டைத் தீவில் மக்கள் ஏன் நிலைத்தார்கள்? அதே கடலில், அதே பிரதேசச் செயலர் பிரிவுக்குள் அடங்கும் கச்சதீவில் ஏன் எவரும் குடியேறவில்லை? தீவகத்தை (யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளை) அறிந்தவர்களும் வரலாறு கற்றவர்களும் சற்று விரிவாக விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: சோளகம் (வேலணை)

அன்புள்ள இளவேனில், நீண்ட காலம் பாடசாலைகளில் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை கூறுகிறேன். அதற்கு விடை கிடைத்தால் மற்றவற்றில் பாதி தானாகவே தெளிவுபடும் என்பது என் எண்ணம்.

தீவகம் முழுவதும் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் துளைகளிலும் இறங்கி, அடியில் ஊறி நிற்கும் கடல்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. உவர்நீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதால் இது இயல்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை அது இருக்கும் என்பது நீரியலில் அறியப்பட்ட கணக்கு. இந்தப் படலம் தீவின் நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருக்கும். ஆகவே, தீவு எவ்வளவு அகன்றதோ அவ்வளவுக்கு அதன் நடுவில் நன்னீர் சேர வாய்ப்பு உண்டு. நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீட்டர். கச்சதீவின் பரப்பு வெறும் 285 ஏக்கர், அதாவது ஒரு சதுரக் கிலோமீட்டருக்குச் சற்றே மேல். நெடுந்தீவில் கிணறு வெட்டினால் குடிக்கத்தக்க தண்ணீர் கிடைக்கும் இடங்கள் உண்டு. கச்சதீவில் அது இல்லாததால், இரு கரை மீனவரும் வலை உலர்த்தவும், அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குக் கூடவும் வந்துபோகும் இடமாகவே அது இருந்துவிட்டது.

அளவு ஒன்றே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். எழுவைதீவும் சிறியதுதான், அங்கே மக்கள் வாழ்கிறார்கள். ஆனால் அது அனலைதீவுக்கும் காரைநகருக்கும் அருகில் இருப்பதால், ஒரு கோடையில் கிணறு உவர்த்துப்போனாலும் வள்ளத்தில் தண்ணீர் கொண்டுவர முடியும். கச்சதீவில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீரும், தண்ணீர் தவறினால் உதவக்கூடிய அயலும் சேர்ந்தே ஒரு தீவைக் குடியிருப்பாக்குகின்றன.

இனி நெடுந்தீவுக்குள்ளேயே பாருங்கள். நன்னீர்ப் படலத்திலிருந்து ஒரே இடத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறிவிடும். ஒருமுறை உவர்த்த கிணறு மீள்வதற்குப் பல மாரிகள் செல்லும். இதனாலேயே அங்கே கிணறுகள் ஆழமின்றி, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி அமைந்தன. வீடுகளும் தமிழ்நாட்டுத் தெருக்களைப்போல நெருங்கி நிற்காமல், வளவு வளவாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் கல்வேலியால் சூழப்பட்டு நின்றன. நல்ல தண்ணீருக்குப் பெயர்பெற்ற சாராப்பிட்டி போன்ற இடங்கள் தீவு முழுவதற்கும் உயிர்நாடியாயின. கிணற்றுக்கு உதவாத தெற்குப் பக்கம் தரவையாக விடப்பட்டது. மாரியில் புல் முளைக்கும் அந்தத் தரவை இல்லாமல் அங்கே கால்நடை வளர்ந்திராது. போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுக்களின் தீவு என்று குறித்தனர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

பனையையும் கடலையும் சேர்த்துக்கொண்டால் வாழ்வாதாரத்தின் கணக்கு நிறைவாகும். மழையை நம்பி விதைத்த குரக்கன், சாமை, வரகு ஆகியவை பொய்த்த ஆண்டிலும் ஒடியலும் (உலர்த்திய பனங்கிழங்கு) மீனும் இருந்தன. சங்கும் கடலட்டையும் விற்றுப் பணமாக்கக்கூடியவை. அத்துடன், நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் என்றால், இராமேசுவரம் 50 கிலோமீட்டருக்கு உட்பட்டே இருக்கிறது. சோளகக் காற்றிலும் வாடைக் காற்றிலும் பாய் விரித்து ஓடத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தீவு ஒதுக்குப்புறமாக இருந்திருக்காது. பாதையின் நடுவே அமைந்த தங்குமிடமாகவே இருந்திருக்கும். இன்று வரைபடத்தில் ஒரு ஓரமாகத் தெரிவதை வைத்து அதன் பழைய நிலையை மதிப்பிட்டால் குடியேற்றத்தின் காரணமே நமக்குப் பிடிபடாது.

பதில்: ஏட்டுப்பிரதி (பேராதனை)

சோளகம் ஐயா அடித்தளத்தை நன்றாக இட்டுவிட்டார். நீங்கள் குறிப்பிட்ட மூன்று கருத்துகளையும் சான்றுகளின் தரம் நோக்கி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், ஐரோப்பியருக்கு முன் குடிகளே இல்லை என்ற கருத்தைத் தயக்கமின்றி விலக்கிவிடலாம். 1980களின் தொடக்கத்தில் பொன்னம்பலம் இரகுபதி யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் மேற்கொண்ட தொல்லியல் மேலாய்வு, வேலணையின் சாட்டியிலும் காரைநகரின் களபூமியிலும் பெருங்கற்காலப் பண்பாட்டுத் தடயங்களை வெளிப்படுத்தியது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் கிடைப்பவற்றோடு ஒப்பிடத்தக்க கறுப்பு-சிவப்பு மட்பாண்டப் பண்பாடு அது. அயல் தீவுகளில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே மக்கள் வாழ்ந்து, இறந்தோரை அடக்கம் செய்திருக்கிறார்கள் என்றால், அக்கடலில் மிகப் பெரிய தீவுகளுள் ஒன்றும் நன்னீர் உடையதுமான நெடுந்தீவை அவர்கள் 16ஆம் நூற்றாண்டு வரை தொடாமல் விட்டிருப்பார்கள் என்று எண்ண இடமில்லை.

அடுத்து, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1960களில் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் அக்கல்வெட்டு கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உரியவனுக்கு. வாணிகப் பொருள் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள அரசன் ஒருவன் இந்த ஆணையைத் தமிழில் பொறிக்கச் செய்தான் என்பது, அதைப் படிக்க வேண்டியவர்கள் யார் என்பதைக் காட்டுகிறது. உடைந்த கப்பலின் பொருளைப் பங்கிட விதி வகுக்கும் அளவுக்கு இக்கடலில் போக்குவரத்து நிகழ்ந்திருக்கிறது. அத்தகைய போக்குவரத்துக்குத் தண்ணீரும் வழிகாட்டியும் கூலியாளும் கொடுக்கத் தீவுகளில் குடிகள் இருந்தாக வேண்டும். ஐரோப்பியர் வந்தபோது வெறுந்தீவு இருந்தது என்ற கதைக்கு இந்தக் கல்வெட்டே போதிய மறுப்பு.

வெடியரசன் கதைக்கு வருவோம். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிவந்த மீகாமனுக்கும் வெடியரசனுக்கும் கடலில் நடந்த போரைப் பாடும் இக்கதை மட்டக்களப்புப் பக்கத்திலும் வழங்குகிறது. நாள், ஆண்டு தேடிப் படிக்க வேண்டிய ஆவணமாக இதைக் கொள்ள இயலாது. ஆனாலும் இதைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நிலவுடைமையாளரின் வரலாறுகள் சொல்லாமல் விட்ட ஒன்றை, கடலே தொழிலாகக் கொண்ட சமூகம் தன் நினைவில் வைத்துக் காத்திருக்கிறது: தீவின் முதல் உரிமை கடலோடிகளுடையது என்ற எண்ணம்தான் அது. கோட்டை என்று சுட்டப்படும் இடத்தில், பவளப்பாறைக் கற்களால் வட்டமாகக் கட்டப்பட்ட அடித்தளங்கள் இருக்கின்றன. தொல்லியலாளர் அவற்றைப் பௌத்தத் தூபிகளின் எச்சங்கள் என்கின்றனர். இன்றைய அரசியல் சூழலில் இது உடனே சினத்தைக் கிளப்பும் செய்தி என்பதை நான் அறிவேன். பௌத்தம் என்றால் சிங்களவர் என்ற சமன்பாடு பிற்காலத்தது. மணிமேகலையைத் தந்த மொழிக்குப் பௌத்தம் அந்நியமன்று. அந்தக் கற்களைத் தமிழ்ப் பௌத்தரோ, கடல்வழி வந்த வணிகரோ எழுப்பியிருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும். நெடுந்தீவின் பழமையை மெய்ப்பிக்கக்கூடிய ஓர் இடத்தை, அச்சத்தினால் நாமே பேசாமல் விடுவது பெரும் இழப்பு.

இறுதியாகத் தனிநாயக முதலி. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, யாழ்ப்பாண அரசின் தொடக்கத்தில் தமிழகத்துப் பிரபுக்கள் அழைத்துவரப்பட்டு ஊர்தோறும் குடியமர்த்தப்பட்டனர் என்று ஒரு பட்டியல் தருகிறது. நெடுந்தீவுக்குரியவராகத் தனிநாயகன் அதில் இடம்பெறுகிறார். பட்டியலை முற்றிலும் கட்டுக்கதை என்று தள்ள நான் விரும்பவில்லை. ஆரியச் சக்கரவர்த்திகளின் ஆட்சி 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்ற காலத்திலும் அதன் பின்னரும் பாண்டி நாட்டிலிருந்தும் தொண்டை நாட்டிலிருந்தும் குடும்பங்கள் வந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் அந்த நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். நிகழ்ந்தனவாகச் சொல்லப்படுபவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி, தத்தம் குடிப்பெருமையை ஒல்லாந்த அதிகாரிகள் முன் நிலைநாட்ட வேண்டிய தேவை வேளாளத் தலைமைக் குடும்பங்களுக்கு இருந்த காலத்தில் அது எழுந்தது. தலைவனின் பெயரைச் சொல்லும் அந்தப் பட்டியல், அவனோடு படகேறிவந்த குடிமைகளையும் (தொழிற்பணி செய்த குடிகளையும்) அடிமைகளையும், அவன் வருவதற்கு முன்பே கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களையும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகவே, இளவேனில், ஒரே ஒரு முதற்குடியேற்றத்தைத் தேடாதீர்கள். பருவத்துக்கு மீன்பிடிக்க வந்து, கிணறு கண்டு, அடுத்த பருவத்திலும் தங்கி, பின் குடும்பத்தை அழைத்துக்கொண்டவர்கள், ஓர் அரசின் கீழ் நிலம் பெற்று வந்தவர்கள், அவர்களால் கொண்டுவரப்பட்டவர்கள், சங்கு குளிக்கக் கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்துபோனவர்கள் என்று பல நூற்றாண்டுகளாக நிகழ்ந்த வரவுகளின் தொகுதியே இன்றைய நெடுந்தீவுச் சமூகம். உங்கள் கட்டுரை அந்த வரவுகளில் ஒன்றை மட்டும் ஊரின் பிறப்பாக உயர்த்தினால், மற்றவர்களின் பிள்ளைகள் அதே ஊரில் விருந்தினர் ஆகிவிடுவார்கள்.

பதில்: மாவிலித்துறை (நெடுந்தீவு)

ஊரில் வாழ்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஏட்டுப்பிரதி ஐயா கூறியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். எனினும் குடியேற்றம் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் வந்த கதையோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் தீவின் வரலாற்றில் போன கதையும் அதே அளவுக்கு இருக்கிறது.

ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் கற்றூண்களையும், தரவையில் திரியும் மட்டக்குதிரைகளையும், ஆலமரம்போலப் பருத்து நிற்கும் பெருக்குமரத்தையும் காண இன்று பயணிகள் வருகிறார்கள். 2015இல் குதிரைகள் உலாவும் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இவை எல்லாம் நல்லவையே. ஆனால் பயணிகள் படம் எடுக்கும் அதே கல்வேலிகளுக்குள் கூரை சரிந்து கிடக்கும் வளவுகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பவளக்கல்லைச் சாந்தின்றி அடுக்கி எழுப்பிய அந்த வேலிகள், காற்றைத் தடுக்கவும் மாடு பயிரில் இறங்காமல் காக்கவும் கட்டப்பட்டவை. வேலியைப் பார்த்தே அந்த வளவில் எத்தனை தலைமுறையின் உழைப்பு கிடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

போர் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் கிளிநொச்சிப் பக்கத்தில் வயல்கள் திறக்கப்பட்டபோது எங்கள் ஊரவர் பலர் காணி பெற்றுச் சென்றனர். தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் செலவிட்டவர்களுக்கு வாய்க்கால் நீர் எத்தகைய ஈர்ப்பாக இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள். அரச உத்தியோகமும் கொழும்புக் கடைகளும் வேறு சிலரை அழைத்துக்கொண்டன. அவர்கள் போனார்களே தவிர, கோயில் திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் திரும்பி வந்தார்கள், வீட்டைப் பூட்டவில்லை.

1985 மே 15 அன்று, எங்கள் தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையிலிருந்து புங்குடுதீவிலுள்ள குறிகட்டுவான் துறைக்குச் சென்ற குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் பலர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். அதைச் செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சியம் அளித்தார்கள். ஒரு தீவுக்குப் படகு என்பது தெருவும் பாலமும் ஆம்புலன்சும் சேர்ந்த ஒன்று. அதில் ஏறவே அஞ்சும் நிலை வந்தபோது, பிள்ளைகளின் படிப்பையும் பிரசவத்தையும் நினைத்துக் குடும்பங்கள் நிரந்தரமாக வெளியேறின. 1990களின் தொடக்கத்தில் தீவகம் இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபின் அந்த வெளியேற்றம் இன்னும் பெருகியது. புங்குடுதீவு போன்ற இடங்கள் ஏறக்குறைய வெறிச்சோடின. இங்கே ஒரு பகுதியினர் தங்கினோம். தங்கியவர்களுள் நிலமற்றவர்களும் கடற்றொழிலாளரும் நிறைய. போக வசதி உள்ளவர்கள் முதலில் போனார்கள் என்பதே உண்மை.

அன்புத் தங்கைச்சி, நீங்கள் எழுதும் பக்கங்களில் இப்போதும் இங்கே வாழ்பவர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள். சாராப்பிட்டித் தண்ணீருக்காகக் கோடையில் காத்திருப்பதும், இழுவைப்படகுக்காரரோடு வலைக்காக மல்லுக்கட்டுவதும், மாலைப் படகைத் தவறவிட்டால் மறுநாள் வரை குறிகட்டுவானில் நிற்பதும் அந்த வரலாற்றின் தொடர்ச்சிதான்.

மறுகேள்வி: இளவேனில்

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. மாவிலித்துறை அண்ணா கூறிய வெளியேற்றத்தைத் தனிப் பகுதியாகவே எழுதுவேன். என் அம்மாவின் குடும்பமும் அதில் அடங்குகிறது.

ஒரு விடயம் மட்டும் தெளிவாக வேண்டும். எங்களிடம் எஞ்சியுள்ள பழைய காணி உறுதி (நிலப் பத்திரம்) ஒன்றில், பாட்டியின் முன்னோர் ஒருவரின் பெயருக்கு முன் 'தொன்' என்ற சொல் வருகிறது. எங்கள் குடும்பம் அறிந்த காலம் முதல் சைவம். இதைக் கண்ட உறவினர் ஒருவர், நமக்குப் போர்த்துக்கேய இரத்தம் உண்டு என்று எல்லாருக்கும் சொல்லிவருகிறார். மேலும், அந்த உறுதியில் காணி தாய் வழியாகவே கைமாறி வந்திருக்கிறது. வந்து குடியேறியவர்களின் மரபைத் தந்தை வழியில்தானே தேட வேண்டும்? எங்கிருந்து தேடலைத் தொடங்குவது?

பதில்: ஏட்டுப்பிரதி (பேராதனை)

'தொன்' (Dom) என்பது போர்த்துக்கேய மதிப்புப் பட்டம்; அதை வைத்துப் போர்த்துக்கேய வழித்தோன்றல் என்று முடிவு கட்ட இயலாது. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் கைக்கு முழுமையாகச் சென்றபின், ஊர்த் தலைமைப் பதவிகளை வகித்தவர்கள் ஞானஸ்நானம் பெற்று அத்தகைய பெயரும் பட்டமும் ஏற்றனர். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது. ஆயினும் பதவிக்கும், பதிவு பெற்ற திருமணத்துக்கும், அதன் வழியே வரும் சொத்துரிமைக்கும் அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. ஆகவே, கோயிலுக்குச் சென்றுகொண்டே பதிவேட்டில் கிறிஸ்தவப் பெயர் வைத்திருந்தவர்கள் ஏராளம். ஆங்கிலேயர் ஆட்சியில் அந்த நிர்ப்பந்தம் நீங்கியதும் பலர் வெளிப்படையாகச் சைவத்துக்குத் திரும்பினர். உங்கள் முன்னோரின் பெயர் அவர் எந்த நாட்டவர் என்பதைச் சொல்லவில்லை. ஊரில் அவருக்கு ஏதேனும் பதவியோ மதிப்போ இருந்திருக்கலாம் என்பதைச் சொல்கிறது. மறுபக்கம், ஒடுக்குமுறைக்கு மத்தியிலும் கத்தோலிக்கத்தை விடாமல் காத்த கடற்கரைக் குடும்பங்கள் தீவகத்தில் பல உண்டு. அவர்களுடைய பெயர்களை இந்தப் பதவிப் பெயர்களோடு ஒன்றாக்கிவிடக் கூடாது.

தாய்வழிக் காணி பற்றிய உங்கள் அவதானிப்பு மிக முக்கியமானது. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளான தேசவழமைச் சட்டத்தில் முதுசொம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டியது) என்று சொத்து மூவகைப்படும். இவற்றுள் சீதனம் மகளுக்கு உரியது. நடைமுறையில் வீடும் வளவும் கிணற்றுப் பங்கும் மகளுக்கே சீதனமாக எழுதப்பட்டன; மாப்பிள்ளை வேறிடத்திலிருந்து வந்து அவ்வளவில் குடியமர்ந்தான். எனவே, ஒரு நெடுந்தீவு வளவில் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நின்றவர்கள் பெண்கள். ஊர்விட்டு ஊர், தீவுவிட்டுத் தீவு வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தந்தை வழியை மட்டும் பின்தொடர்ந்தால் நீங்கள் நெடுந்தீவை விட்டு அனலைதீவுக்கும் வேலணைக்கும் அலைய நேரும். வளவின் கதை வேண்டுமென்றால் தாய், பாட்டி, பூட்டி என்றே ஏறிச் செல்லுங்கள்.

தேடலை உங்கள் கையில் உள்ள உறுதியிலேயே தொடங்கலாம். அதில் காணியின் பெயர், குறிச்சி, நான்கு எல்லைகளிலும் உள்ள அயலவர் பெயர், கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கு ஆகியவை எழுதப்பட்டிருக்கும். இவற்றுள் எல்லைக்காரர் பெயர்களையும் கிணற்றுப் பங்காளிகளின் பெயர்களையும் முதலில் பட்டியலிடுங்கள். சோளகம் ஐயா விளக்கியபடி தண்ணீரே குடியிருப்பை வகுத்த தீவில், ஒரு கிணற்றுக்குப் பங்காளிகளாக இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரு தாயின் பெண்மக்கள் வழி வந்தவர்களாகவே இருப்பார்கள். அடுத்து, அந்த உறுதி குறிப்பிடும் முந்திய உறுதியின் இலக்கத்தைக் கொண்டு யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பின்னோக்கித் தேடலாம். ஆங்கிலேயர் காலத்துக்கு முற்பட்டவற்றுக்கு, எஞ்சியுள்ள ஒல்லாந்தர் தோம்புகளை (காணி, குடிப் பதிவேடுகளை)க் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் நாட வேண்டும். அவை பழைய டச்சு மொழியில், பழைய கையெழுத்தில் இருப்பதால் படிக்கத் தெரிந்த ஒருவரின் துணை தேவைப்படும். நூலகம் இணையத்தளத்தில் தீவகத்து ஊர் மலர்களும் பாடசாலை மலர்களும் பல எண்ணிமமாக்கப்பட்டுள்ளன. அவற்றில் வரும் தலைமுறைப் பட்டியல்களை உறுதியில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்ட பின்பே பயன்படுத்துங்கள்.

உறுதியின் எழுத்து மங்கியிருந்தால் ஒளிப்படத்தை இங்கே பகிரலாம். ஆனால் தற்போது உயிருடன் இருப்பவர்களின் பெயரும் காணி இலக்கமும் வெளியே தெரியாதபடி மறைத்துவிட்டுப் பகிருங்கள். தீவகத்தில் ஆளில்லாத வளவுகளைச் சுற்றி வழக்குகள் நடந்துகொண்டிருக்கும் காலம் இது.